ஒற்றையா, இரட்டையா?

புளியங்கொட்டைகளைக் கைக்குள் மறைத்து, ‘ஒற்றையா, இரட்டையா?’ என வினவி விளையாடுதல் சிறுவர் இயல்பு. இவ்வினாவையே மின்கருவிகளும் வினவுகின்றன என்பது வியப்பன்றோ?

பல தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையிலேயே காத்தல் வேண்டும். குளிரறையின் வெப்பம் 9 பாகையாயிற்று எனக் கொள்வோம். அங்குள்ள ஏடிமெகா 328பி என்னும் மைக்ரோகண்ட்ரோலர், அவ்விலக்கத்தை 00111001 என்னும் எட்டுப் பிட்டுகளாக்கி, கம்பி வழியே மறுமுனையிலுள்ள அத்தகைய சில்லுக்கு ஒவ்வொன்றாக விடுக்கின்றது. வழியில் மின்னிரைச்சலால் வலக்கோடிப் பிட் மாறி 00111000 ஆயின், அது 8! வெப்பம் வரம்பு மீறியதை ஒருவரும் அறியார்.

இதனைத் தடுக்கவே பாரிட்டி என்னும் ஒன்பதாம் பிட் உடன் செல்கின்றது. இரட்டை முறையில், அதனையும் சேர்த்து ஒன்றுகளின் தொகை இரட்டையாதல் வேண்டும். 9இல் நான்கு ஒன்றுகள் உள்ளமையால் பாரிட்டி 0. வந்து சேர்ந்ததில் மூன்றே இருப்பின், பிழை வெளிப்பட்டுவிடும்.

இக்காவலை நாமே அமைத்தல் வேண்டும். யு.சி.எஸ்.ஆர்.0சி என்னும் பதிவகத்தின் 5, 4 எண்ணுள்ள பிட்டுகள் தொடக்கத்தில் 00. அஃதாவது காவல் இல்லை. 10 எனின் இரட்டை. 11 எனின் ஒற்றை. இருமுனைகளும் வேறுபட்டால் நல்ல செய்தியும் பிழையெனவே தோன்றும்.

பிழை நேரின், பெறும் சில்லின் யு.சி.எஸ்.ஆர்.0ஏ பதிவகத்தில் 2ஆம் எண் பிட் 1 ஆகும். இலக்கத்தை எடுக்குமுன்னரே அதனைப் பார்த்துவிடுக. பலர் இடறுவது இங்கேதான். எடுத்தபின் அக்குறிப்பு நில்லாது.

இரண்டு பிட்டுகள் ஒருங்கே மாறினாலோ, 9 என்பது 00110101, அதாவது 5 ஆகிவிடலாம். அப்போதும் ஒன்றுகள் நான்கே. பாரிட்டி வாளா இருக்கும்.