குன்றில் வாழும் கம்பிங் குருன்

பத்துமலைப் படிகளில் ஏறியவர்கள் அங்குள்ள செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளைக் கண்டிருப்பார்கள். அத்தகைய பாறைகளிலும் தடுமாறாமல் ஏறி இறங்கும் அரிய காட்டு விலங்கு ஒன்று மலேசியாவில் உண்டு. மலாய் மொழியில் அதன் பெயர் கம்பிங் குருன், ஆங்கிலத்தில் செரோ. 'குருன்' என்றால் பாலைவனம். பாலைவனமே இல்லாத நாட்டில் இப்படியொரு பெயர்!

கரிய உடல், கழுத்தில் நீண்ட பிடரிமயிர், பின்னோக்கி வளைந்த குட்டைக் கொம்புகள். ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. இது பெரும்பாலும் தனித்தே வாழும். பகலில் பாறை நிழலில் படுத்திருந்துவிட்டு, விடியற்காலையிலும் அந்தியிலும் இலைதழை மேய வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிடும். விலங்கைக் காண்பது அரிது. புழுக்கைக் குவியலைக் கொண்டும் ஆய்வாளர்கள் அதன் நடமாட்டத்தை அறிகின்றனர். தாய் ஏறக்குறைய ஏழு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும்.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. இருந்தும், கண்ணி வைப்போர் ஓயவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, சிமெண்டுக்காகக் குன்றையே உடைப்பதுதான். சுண்ணாம்புக் குன்றுகள் பல, சமவெளியில் தீவுகளைப்போல் தனித்தனியே நிற்பவை. சுற்றிலும் சாலைகளும் வீடுகளும் சூழ்ந்துவிட்டால், வாழ்ந்த குன்றை இழந்த கம்பிங் குருனுக்கு அடுத்த குன்றுக்குப் போக வழியில்லை.