கடன் தீராதபோது ஐ.பி. மனு

கடனை அடைக்க வழியே இல்லாதவர் நீதிமன்றத்தில் நொடிப்பு மனு (ஐ.பி.) தாக்கல் செய்யலாம். இதைத்தான் மக்கள் ‘மஞ்சள் நோட்டீஸ்’ என்கிறார்கள். சென்னை மாநகருக்கு 1909ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம்; செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதிக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். கடன் 500 ரூபாயை எட்டினாலே மனுவுக்கு இடமுண்டு.

நொடித்தவர் என அறிவிக்கப்பட்டதும் சொத்து நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் அதிகாரியின் (ரிசீவர்) பொறுப்புக்குப் போகும். விற்ற பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடப்படும். உடுதுணி, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவிகள் இதில் சேரா. மாமல்லபுரச் சிற்பியின் உளி அவரிடமே இருக்கும். ஆனால் மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் உறவினருக்குத் தானமாக எழுதிய சொத்து ரத்தாகலாம், கவனம் தேவை. மோசடியால் வந்த கடன் எப்போதும் நீங்காது.

ஜப்தி உத்தரவோ கைது வாரண்டோ வந்தால் அன்றே வக்கீலைப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; தேசிய சட்ட உதவி எண் 15100.