ஆதுலசாலை விளங்கிய தலமும் உடலோம்பும் நெறியும்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் அமைந்த திருத்தலம் திருமுக்கூடல். இங்கு அப்பன் வேங்கடேசப் பெருமாள் எழுந்தருளி அருள்பாலிக்கிறார்.

வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று இத்திருக்கோயிலில் உள்ளது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும், மாணாக்கர் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையும் இயங்கியதை அது தெரிவிக்கிறது. ஆதுலசாலை என்பது மருத்துவமனை. அதில் 15 நோயாளிகள் தங்குவதற்கு இடமிருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், பணிவிடைப் பெண்கள் இருவர் எனப் பலர் அங்குப் பணிபுரிந்தனர். தசமூல அரீதகி, கல்யாண லவணம் முதலிய மருந்துகளும் இருப்பில் வைக்கப்பட்டன. இறைபணி செய்வோரின் உடல்நலத்தைப் பேணுவதும் இறைபணியே என முன்னோர் கருதினர் என்பதற்கு இக்கல்வெட்டே சான்று.

நோயுற்றபின் மருந்து வேண்டும். நோய் பெருகாமல் தடுக்க உடற்பயிற்சி வேண்டும். ஆலய வழிபாட்டிலேயே அப்பயிற்சி அமைந்துள்ளது. ஆயினும் முறையறிந்து செய்தாலன்றி அது நன்மை தராது.

வலம் வருதல்: நிமிர்ந்து, சீராக நடத்தல் வேண்டும். நடக்கும்போது பேச இயலவேண்டும். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்தல் நன்று. வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பு பெரியோர்க்குத் தேவை என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தால் இது நிறைவேறும். நீரிழிவு உடையோர்க்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுகல்லில் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. அவர்கள் காலையிலோ மாலையிலோ வலம் வந்து, பின்பு பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோப்புக்கரணம்: பாதங்களைத் தோள் அகலத்திற்கு வைத்து, முதுகைக் கூன விடாமல், மூச்சை இழுத்தவாறு அமர்ந்து, வெளிவிட்டவாறு எழவேண்டும். முழங்கால்கள் உட்புறம் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே மடியவேண்டும். முதல் வாரம் ஐந்தோடு நிறுத்திச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. ஒரே நாளில் 108 செய்ய முனைந்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளுதல் பக்தியாகாது.

நமஸ்காரம்: முதலில் ஒரு முழங்காலை ஊன்றி, பின்பு கைகளைத் தரையில் வைத்து, மெல்லத் தாழவேண்டும். எழும்போது சற்று அமர்ந்திருந்து எழுதல் வேண்டும். சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றி விழ நேரிடும். முழங்கால் வலி உடையோர் நின்றபடியே கைகூப்பி வணங்கினாலும் குறையில்லை.

நெஞ்சில் வலி, மிகுந்த மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடவேண்டும். வேண்டுதலை முடித்தாக வேண்டுமென்று பொறுத்துக்கொள்ளுதல் உயிருக்கே ஆபத்தாகும். இதயநோய் உடையோர் மருத்துவரைக் கேட்டபின்னரே புதிய பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும்.

ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பழைய சீவரத்திற்கும், பின்னர் திருமுக்கூடலுக்கும் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். உடன்வர விரும்பும் அன்பர்கள் மார்கழி முதலே நாள்தோறும் சிறிது நடந்து பழகி வந்தால், அன்று களைப்பின்றிப் பெருமாளைச் சேவித்து இன்புறலாம்.