முதன்முதலாக வான்கோழி சமைக்கிறீர்களா?

கிறிஸ்துமஸுக்கு மட்டுமில்லை, இப்போது தீபாவளிக்கும் கரிநாளுக்கும்கூட வான்கோழி வாங்குகிறார்கள். எங்கள் சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கத்தில் ஆடிப் பதினெட்டு; ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிற வீடுகளில் யுகாதிக்கு மறுநாள் 'ஹொசதொடகு'. ஆக, கறி விருந்துக்கு நாள் பஞ்சமில்லை!

"டாக்டர், வான்கோழி சூடா, குளிர்ச்சியா? பழைய ஏட்டில் என்ன போட்டிருக்கு?" என்று கேட்கிறார்கள். இது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. 1612-ல் கோவாவிலிருந்து வந்த ஒரு வான்கோழியை ஜஹாங்கீர் அதிசயமாகப் பார்த்து, ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். சக்கரவர்த்திக்கே அன்று அது புதுசு! ஆகவே 'அன்றே சித்தர் சொன்னார்' என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள்.

கொழுப்பு குறைந்த, புரதம் நிறைந்த கறி இது. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குபவர்கள் மட்டும் ஒரு துண்டோடு நிறுத்துங்கள். சாப்பிட்டதும் தூக்கம் வருவதற்குக் காரணம் வான்கோழி அல்ல. மூன்றாவது தட்டுப் பிரியாணி.

சரி, அடுப்படிக்கு வருவோம். வளர்ந்த சேவல் ஏழு, எட்டு கிலோகூட இருக்கும். உங்கள் ஐந்து லிட்டர் குக்கரில் முழுசாக எங்கே வைப்பீர்கள்? கடையிலேயே தொடையையும் நெஞ்சையும் தனித்தனியாக வெட்டி வாங்குங்கள். முதல் தடவை செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்துவிடும், விட்டால் சக்கையாகும். தொடைக்கறி சாவகாசமாக வேகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று நார், இன்னொன்று அரைவேக்காடு. தொடையை முதலில் போட்டு முக்கால் பதம் வந்தபின் நெஞ்சைச் சேருங்கள்.

உறைந்த கறி என்றால் முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். முழுப் பறவைக்கு இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு. வெளியே மேடையில் வைத்து இளக்கக் கூடாது. குழாயடியில் அலசினால் கிருமி பக்கத்திலிருக்கும் கொத்தமல்லி வரைக்கும் தெறிக்கும். அலசித்தான் ஆகணும் என்றால் பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, தொட்டியையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் தாராளமாக அரைத்துத் தடவுங்கள். மந்தம் தட்டாமல் இருக்க நாங்கள் சொல்வது இதைத்தான். ஆனால் ஒன்று, சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: மஞ்சள் போட்டாச்சு, கிருமி செத்துடும் என்று அரைவேக்காட்டில் இறக்காதீர்கள். கிருமியைக் கொல்வது நெருப்பு. அவன் உள்ள வீடுகளில் உணவு வெப்பமானியை, எலும்பில் படாமல், தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அது இல்லாதவர்கள் தொடையின் தடித்த துண்டை எலும்பு வரை கீறிப் பாருங்கள். உள்ளே பச்சைக்கறி தெரிந்தாலோ ரத்தநீர் கசிந்தாலோ மறுபடி அடுப்பிலேற்றுங்கள்.

பண்டிகைக்கு மறுநாள் வாந்தி, பேதி என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். உடனே உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கலக்கிக் கொடுக்க ஆரம்பியுங்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்து படுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஓமத் தண்ணீரோடு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மிச்சக் குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் தேவையானதை மட்டும் எடுத்துத் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். எலும்பை வீசாமல் மிளகு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். தாத்தா முதல் டம்ளரைக் கேட்பார்.