பை பிடிக்கிறவர்கள்

முகப்பேர் மேற்கு

அன்புள்ள சின்னுவுக்கு,

பெரியம்மா எழுதுவது. வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். முகப்பேரிலிருந்து நொளம்பூருக்குக் கடிதமா என்று சிரிக்காதே. சாயங்காலம் நடக்கப் போகும்போது பெரியப்பா கையோடு கொண்டுவந்து கொடுப்பார்.

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். மே மாதம், மூன்று குடும்பம், 11 பேர், இள்ளலூர் வொண்டர்லா தீம் பார்க். வாசல் திறந்ததும் நேராக தஞ்சோரா என்ற கால் தொங்கும் கோஸ்டர், அது முடிந்ததும் இன்னது, மத்தியானம் கூட்டம் சாப்பிடப் போகும் நேரத்தில் மறுபடி தஞ்சோரா. எதில் எப்போது ஏறினால் வரிசை குறைவு என்று ஆபீஸ் வேலையை விடக் கவனமாகப் போட்டிருக்கிறாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 11 பேரில் தண்டவாளத்துக்குக் கீழே கால் தொங்கத் தொங்கத் தலைகீழாகப் போகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தாயா? நீ, உன் நண்பர்கள் இரண்டு பேர், காலேஜ் போகும் உன் மச்சான். நாலு பேர். மீதி ஏழு பேருக்கு அந்தத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

நான் எப்போதும் அந்த மீதிப் பேரில் ஒருத்தி. தீவுத்திடல் பொருட்காட்சியில் எல்லோரும் ராட்சத ராட்டினத்தில் ஏறிக் கத்துவார்கள். நான் கீழே நிற்பேன், ஒரு கையில் உன் அக்காவின் செருப்பு, இன்னொரு கையில் ஆளாளுக்குப் பிய்த்து மிச்சம் வைத்த டெல்லி அப்பளம். 1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா தீம் பார்க் வந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' படம் எடுத்த நவோதயா அப்பச்சன் கட்டியது என்று தெரிந்ததும், உள்ளே போனால் படத்தில் வருவது போலச் சுவரில் நடக்கலாம் என்றே நம் வீட்டுப் பிள்ளைகள் நம்பினார்கள். அங்கே என் பங்குக்கு ஈரத்துணி மூட்டை. வி.ஜி.பி. கோல்டன் பீச்சில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க நீங்களெல்லாம் குரங்குச் சேட்டை செய்வீர்கள். அந்த இடத்திலேயே எனக்கு நெருக்கமாகத் தோன்றியவர் அவர்தான். அவரும் என்னைப் போல மற்றவர்கள் சந்தோஷப்படுவதற்காக நின்றுகொண்டிருந்தார்.

வருத்தப்பட்டுச் சொல்லவில்லையடா. நின்றதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நிற்கிறவளுக்கு ஒரு நிழல், உட்கார ஒரு இடம், 'இத்தனை மணிக்கு வந்துவிடுவோம்' என்று ஒரு வார்த்தை, இவை இருந்தால் அது சந்தோஷம். இல்லாவிட்டால் வெறும் காவல்.

வால்ட் டிஸ்னி கதையை எனக்குச் சொன்னது நீதான், ஞாபகம் இருக்கிறதா? லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க் என்ற இடத்தில் மகள்கள் இரண்டு பேரையும் குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பொழுதுபோக்க ஓர் இடம் இல்லையே என்று அப்போதுதான் தோன்றியதாம். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தார். உன் ஆட்கள் கொண்டாடும் அத்தனை தீம் பார்க்குகளுக்கும் மூலவர் ஒரு பை பிடிக்கிற அப்பா! அதை எனக்குச் சொன்ன நீயே உன் அம்மாவை எந்த பெஞ்சில் உட்கார வைப்பது என்று யோசிக்கவில்லை.

முதலில் மே மாதத்தை விடு. கத்திரி வெயிலில் நீங்கள் வரிசையில் நின்றாலும் ஏறி இறங்கினால் காற்று கிடைக்கும். கீழே இருக்கிறவர்களுக்கு வெயில் மட்டும்தான். ஆடியில் போகலாம். கல்யாணம் காட்சி இல்லாத மாதம், யாரும் பத்திரிகை நீட்டிக்கொண்டு வர மாட்டார்கள். செவ்வாய், புதன் மாதிரி வார நாளாகப் பார். பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஐ.ஐ.டி. ஒன்றும் கைவிட்டுப் போகாது. இந்த விஷயத்தில் உன் மனைவியும் நானும் ஒரே கட்சி இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

அடுத்து உன் பெரியவள். பெரிய ரைடுகளுக்கு 140 சென்டிமீட்டர் என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அவள் அந்தக் கோட்டுக்கு வெகு பக்கத்தில் இருக்கிறாள். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, முகப்பில் அளந்து, ஒரு விரல்கடை குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய நாள் அதோடு முடிந்தது. தம்பி வேறு பக்கத்தில் நின்று சிரிப்பான். அதனால் வீட்டிலேயே சுவரில் நிற்க வைத்து, செருப்பில்லாமல் அள. குறைந்தால் அங்கேயே சொல்லிவிடு: 'இந்த வருஷம் இது இல்லை, இதெல்லாம் உண்டு.' ஷூவுக்குள் துணி திணிக்கும் வித்தையை உன் நண்பன் மொட்டை மாடியில் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. கட்டுப்பட்டியின் அளவு உடம்புக்குத் தகுந்தது, ஷூவுக்கு இல்லை. அந்த யோசனையை இனி யாரும் எடுக்கக் கூடாது.

மொட்டை மாடி என்றதும் இன்னொன்று. நீங்கள் ஐந்தாறு பேரும் அன்றைக்கு உட்கார்ந்து பேசியதை நான் வடாம் எடுத்துக்கொண்டே கேட்டேன். கால் தொங்கும் இந்த வகைக் கோஸ்டரை 1992இல் சிகாகோ பக்கம் முதலில் ஓடவிட்ட ஸ்விட்சர்லாந்து கம்பெனியில் ஆரம்பித்தீர்கள். வொண்டர்லாக்காரர்கள் கொச்சியில் 2000இல் திறந்த வீகாலேண்ட், அப்புறம் பெங்களூர், ஹைதராபாத் என்று போயிற்று. பார்த்தால் கால் மணி நேரத்தில் ஆவடிக்காரப் பையன் அப்பாவின் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறான், அம்பத்தூர்க்காரன் பிள்ளைக்கு எந்த ஸ்கூல் என்று கேட்கிறான், பூந்தமல்லிக்காரன் மாமனார் வீட்டோடு ஊட்டி போய் வந்த சண்டையைச் சொல்கிறான். ராட்டினம் ஒரு சாக்கு, வீட்டுக் கதைதான் விஷயம். அந்தப் பேச்சை விட்டுவிடாதே. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆம்பளைகளுக்கு இப்படிப் பேச இடமே இல்லாமல் போகிறது, உன் பெரியப்பாவைப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு உங்களுக்குள் பழகிய பேச்சு. இந்தப் பயணத்துக்கு வரும் உங்கள் மனைவிமார் மூன்று பேரும் ஒருவரையொருவர் கல்யாண வீட்டில் மட்டும் பார்த்தவர்கள். நீங்கள் ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டால் அவர்கள் என்ன பேசுவார்கள்? போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கத்தில் இருக்கும் குயின்ஸ்லேண்டுக்கு எல்லோரும் போய் வாருங்கள். மதுரவாயல் வழியாகப் பூந்தமல்லி தாண்டினால் வந்துவிடும். உங்களைப் போன்றவர்களுக்கு அது சின்ன இடமாக இருக்கலாம். பெண்களும் பிள்ளைகளும் பழகிக்கொள்ள அது போதும். யாருக்குத் தலை சுற்றும், யாருக்குத் தண்ணீர் பயம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

யாராவது ஏற மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்காதே. இதை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள். பி.பி., முதுகுவலி, கர்ப்பம் இருந்தால் ஏறக் கூடாது என்று ஒவ்வொரு ரைடு வாசலிலும் எழுதி வைத்திருப்பார்கள். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி வருகிறாள். வீட்டில் இன்னும் சொல்லாத செய்தி அவளிடம் இருக்கலாம், மாதாந்திரத் தொல்லையாகவும் இருக்கலாம். 'என்னம்மா, பயமா?' என்று நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டு கேட்டால் அவள் எதைச் சொல்வாள்?

உன் அம்மா விஷயம். தண்ணீரில் இறங்க நைலான் மாதிரித் துணிதான் போட வேண்டும், புடவையும் பருத்தியும் ஆகாது என்பது அங்கே விதி. வடிகட்டிக்கும் நல்லது, காலில் சிக்காமல் இருக்கவும் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை வாசலில் வைத்து என் தங்கச்சியிடம் சொல்லாதே. சுடிதாரே போடாதவள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிவை அவளிடம் விடு. வாங்கித் தருகிறேன் என்று ஒரு முறை சொல், இரண்டாம் முறை வேண்டாம். அவளாகவே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அக்கா, நீ போட்டால் நானும் போடுவேன்' என்பாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாப்பாடு உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். எத்தனை முறை சொன்னாலும் அவள் புளிசாதம் கட்டுவாள். கட்டட்டும். பைபாஸ் பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் திருப்போரூர் வரும். கந்தசாமியைக் கும்பிட்டு, நிழல் பார்த்து அங்கேயே காலைப் பலகாரமாகச் சாப்பிட்டுவிடலாம். அரை மணி தாமதமாகும், உன் முதல் தஞ்சோரா போய்விடும். போகட்டும், உனக்கு அடுத்த மாதமே நண்பர்களோடு போக வழி இருக்கிறது.

பணம். மூன்று குடும்பத்தில் ஒரு வீட்டில் இப்போது கை இறுக்கம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிக்கெட், வேன், சாப்பாடு சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிடு. அங்கே போய்ப் பங்கு பிரிக்காதே. லாக்கர், ஃபோட்டோ, ஐஸ்கிரீம் என்று உள்ளே வருவதை நீ சத்தமில்லாமல் கொடுத்துவிடு. கணக்கை குரூப்பில் போடாதே. வரிசையைத் தாண்டிப் போகும் கூடுதல் கட்டண டிக்கெட்டும் வேண்டாம். ஒரு வீட்டுப் பிள்ளை முந்திப் போக, இன்னொரு வீட்டுப் பிள்ளை வெயிலில் நிற்பது நன்றாக இருக்காது.

பை பிடிக்கிற முறையை மாற்றிப் போடு. ஒவ்வொரு ரைடுக்கும் உங்கள் நாலு பேரில் ஒருவர் கீழே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெண்களோ பெரியவர்களோ எங்கே போக நினைக்கிறார்களோ, அவர் கூடப் போகட்டும். எங்களுக்கும் மெதுவாகச் சுற்றும் பெரிய சக்கரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்க்க ஆசை உண்டு, யாரும் கேட்டதில்லை.

ஆடிக் கிருத்திகையையும் அதற்கு முந்தின நாளையும் விட்டுவிட்டுத் தேதி பார். திருப்போரூரில் அன்றைக்கு வண்டி நகராது. நம் தெருவில் வேன் வைத்திருப்பவர் ஆடியில் சும்மாதான் இருப்பார், தேதி சொன்னால் நான் பேசிக் குறைக்கிறேன். ஏ.சி. வேலை செய்கிறதா என்று பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அன்புடன்,
பெரியம்மா