அஸ்தமிக்காத சூரியனின் கீழ் ஒரு கீரைப்பாத்தி

நார்வேயின் வடகோடியில், துருவ வட்டத்துக்கும் அப்பால் உள்ள திரோம்சோ நகரில் குடியேறிப் பல வருஷங்கள் ஆனபின், குளிர்ப் பிரதேசத்தில் தோட்டம் போடுகிறவனை உறைபனியைக் காட்டிலும் அதிகமாகச் சோதிப்பது வெளிச்சமே என்ற அபிப்பிராயத்துக்கு வந்திருக்கிறேன். ஏறக்குறைய மே 20 முதல் ஜூலை 22 வரை இங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லையாதலால், நெடும்பகலைக் கண்டால் பூத்துவிடும் சுபாவமுள்ள பாலக்கும் கொத்தமல்லியும் இலை பெருக்குமுன்பே தண்டு நீட்டிவிடுகின்றன. பகல் குறையத் தொடங்கியபின் அவற்றை விதைப்பதே உத்தமம். கேல் என்னும் சுருளிலைக் கோசுக்கோ இந்தச் சங்கடம் இல்லை. உறைந்துபோகாமலிருக்கத் தன்னுள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால், முதல் உறைபனிக்குப் பின் அதன் ருசி கூடவே செய்கிறது. உருளைக்கிழங்கை வீட்டுக்குள்ளேயே முளைகட்டி நடுவது அவசியம்.

விதைக்காமலே கிடைப்பவற்றில் முதலிடம் நெட்டிலுக்கு. நம் காஞ்சொறியைப் போல் தீண்டினால் அரிக்கும் அதன் கொழுந்தைப் பூப்பதற்கு முன்பே கையுறையணிந்து கிள்ளி, கொதிநீரில் போட்டெடுத்துப் பருப்போடு கடைந்தால், கீரை மசியலுக்கு ஏங்கிய நாவுக்கு வேறு சமாதானம் தேவையில்லை. ஆனால் சாலையோரமெங்கும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் 'திரோம்சோ பனை'யிடம் ஜாக்கிரதை வேண்டும். பெயர்தான் பனை, அதன் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம் எழும்.

உழப்படாத நிலத்தில் எவரும் பழம் பறிக்கலாம் என்பது 1957ஆம் வருஷத்துச் சட்டம். சதுப்பு நிலங்களில் விளையும் பொன்னிற முல்தேப் பழத்துக்கு மட்டும் இவ்வடபகுதியில் ஒரு விலக்கு: நிலத்துக்குரியவர் தடுத்திருந்தால் பறித்துக்கொண்டு போகலாகாது, நின்ற இடத்திலேயே தின்னலாம். வயிற்றில் சுமந்து போவதை ஆட்சேபிக்காத அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் நிச்சயம் ரசிகர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எனினும் என் பட்சபாதம் லிங்கன்பெரியிடமே. புளிப்பும் இலேசான கசப்புமுள்ள இச்சிவப்புப் பழத்தில் பென்சாயிக் அமிலம் இயற்கையாகவே அமைந்திருப்பதால், சர்க்கரைகூடச் சேர்க்காமல், ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் குளிர்ந்த அறையில் மூடி வைத்தாலே குளிர்காலம் நெடுகக் கெடாது. நான் வேண்டியபோது ஒரு கரண்டி எடுத்து, கடுகும் மிளகாயும் தாளித்துத் துவையலாக்கிக்கொள்கிறேன். பொரித்த காட் மீனுக்கு அது வெகு பொருத்தம்.