அப்பா வாங்கிய அம்பாசிடரும் கல்லாப் பணமும்

கடந்த சில ஆண்டுகளாகவே நம் உறுப்பினர்கள் பலரிடம் ஒரு பேச்சு அடிபடுகிறது. கிடங்கின் ஓரத்தில் சாக்கு போர்த்திக் கிடக்கும் பழைய அம்பாசிடரையோ பியட்டையோ பழுது பார்த்து மறுபடி ஓட்டினால் என்ன? புதுக் கார் வாங்கும் பணத்தில் பாதிகூட ஆகாதே என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு "செய்யுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நாங்களே இதில் இறங்கி, கொஞ்சம் சுட்டுக்கொண்டு, கடைசியில் வண்டியை வாசலில் நிறுத்தியவர்கள். ஆகவே இம்மாதப் பாடத்துக்கு எங்கள் பேரேட்டையே பிரித்து வைக்கிறோம்.

இந்த ஆசை வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினியின் உற்பத்தி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. மும்பையில் அதன் கடைசி டாக்சி 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்தியது. மேற்கு வங்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் வெகுகாலம் முன்பே போய்விட்டது. வரத்து நின்ற சரக்குக்கு என்ன நடக்கும் என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடைக்குப் போட்ட வண்டியை இன்று தேடி வருகிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்குக் கேட்கிறார்கள். கோவை அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் காட்சியகத்துக்குப் போய் வந்த பிள்ளைகள், "தாத்தா வண்டி நம்மிடமும் இருக்கிறதே" என்று அப்பாவை நச்சரிக்கிறார்கள்.

எங்கள் வண்டி 1981-ஆம் ஆண்டு மார்க் 4 அம்பாசிடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அப்பா காலமான பிறகு, 2011-இல் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டோம். 2018-இல் ஒரு ஒர்க்ஷாப்பில் பேசி 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு முடிவு செய்தோம். "மூன்று மாதத்தில் புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கும்" என்றார்கள். 14 மாதம் ஆயிற்று. ஆன செலவு 3 லட்சத்து 40 ஆயிரம்.

தவறு யாருடையது? முதல் நாளே 1 லட்சத்து 20 ஆயிரம் முன்பணம் கொடுத்தது நாங்கள்தான். எந்தக் கமிஷன் மண்டிக்காவது சரக்கைப் பார்க்காமல் மூன்றில் இரண்டு பங்கு முன்பணம் அனுப்புவோமா? அப்பா வண்டி என்றதும் கணக்குப் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டோம். பணம் போனபின் நம் பேச்சுக்கு அங்கே எடை இல்லை. மேலும் மேலும் செலவு வந்தபோது, புதுத் துவரை வரும் சமயத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் கைவைத்தோம். அந்தப் பருவம் பருப்பைக் கடனுக்கு எடுக்க வேண்டியதாயிற்று. ரொக்கத்துக்குக் கிடைக்கும் நூற்றுக்கு 2 ரூபாய் தள்ளுபடி போயிற்று. கல்லாவுக்குக் கார் எதிரியாவது இந்த இடத்தில்தான். கொள்முதல் பணத்தைத் தொடாமல் செய்ய முடியாதவர்கள், வண்டி மேல் இன்னொரு சாக்கைப் போர்த்திவிட்டுக் காத்திருப்பது நல்லது.

இப்போது புதுக் காரோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கணக்குக்காக 8 லட்சம் விலை, அதில் 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 12,455 ரூபாய் கட்டி, வட்டியாக மட்டும் ஏறக்குறைய 1 லட்சத்து 47 ஆயிரம் போகும். இன்சூரன்ஸ்காரர்களின் அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டில் வண்டியின் மதிப்பு பாதி. ஆக 4 லட்சம் கரைந்தது. மொத்தம் 5 லட்சத்து 47 ஆயிரம்.

பழைய வண்டிக்கு எங்கள் செலவு 3 லட்சத்து 40 ஆயிரம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டினால், புது வண்டி லிட்டருக்கு 18, நம் வண்டி 10 தந்தால், லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 5 ஆண்டில் பெட்ரோலுக்குக் கூடுதலாகும் தொகை 1 லட்சத்து 33 ஆயிரம். பழுது பார்க்க ஆண்டுக்கு 17 ஆயிரம் அதிகம் என்று போட்டால் இன்னொரு 85 ஆயிரம். கூட்டினால் 5 லட்சத்து 58 ஆயிரம். தராசு ஏறக்குறைய நேராக நிற்கிறது! மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய வண்டிக்கு விற்பனை மதிப்பு ஒன்று மீதி இருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அதை விற்க மனம் வர வேண்டுமே. தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதும் புது வண்டிப் பக்கம் ஒரு படிக்கல்.

அப்படியும் செய்வதென்றால், மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு; பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இதோடு பசுமை வரி. தாமதித்தால் மாதக் கணக்கில் அபராதம். வண்டி இன்னும் அப்பா பேரிலேயே இருந்தால் வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று சாக்பீஸ் தேய்த்துப் பாருங்கள். இடையில் யாராவது டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். நிறம் மாற்றினாலும் அப்படியே.

50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' எழுத்துடன் 10 ஆண்டுப் பதிவு கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். தினமும் கடைக்கு வர நினைப்பவருக்கு அது பொருந்தாது.

அடுத்தது தகரம். அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் எலும்பு. தரைத்தகடு அரித்தால் வண்டியே பலவீனம். நம் மளிகைக்காரர் வண்டிகளுக்கு ஒரு தனி நோய் உண்டு: டிக்கியில் உப்பு மூட்டை ஏற்றியிருப்போம். சிந்திய உப்பு மழை ஈரத்தில் கரைந்து விளிம்புகளில் இறங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சல்லடை ஆக்கிவிடும். எங்கள் டிக்கியின் பாயைத் தூக்கியபோது கீழே தரை தெரிந்தது. டிங்கர் வேலையில் ஏமாற்றும் இடமும் இதுதான். ஓட்டையை வெட்டிப் புதுத்தகடு பற்றவைக்காமல் பட்டி அப்பிப் பெயிண்ட் அடித்தால் ஓராண்டில் கொப்புளம் கிளம்பும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவடி, சக்கர வளைவு எங்கும் வைத்துப் பாருங்கள். பட்டியில் காந்தம் ஒட்டாது. பெயிண்ட் அடிக்குமுன் வெறும் தகரமாக ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அந்த நிலையில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த தவணைப் பணம் கொடுங்கள்.

எஞ்சின் அவ்வளவு பயமில்லை. நீலப்புகை வந்தால் ரீபோர் செய்து பெரிய அளவு பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். நல்ல லேத் இருந்தால் போதும். ஹெட்டைக் கழற்றும்போதே வால்வு சீட்டைக் கடின உலோகத்தில் மாற்றிவிடுங்கள். இவை ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்த எஞ்சின்கள். ஈயம் 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்பின் டயாப்ரத்தையும் அது இளக்கிவிடும். ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருவாக்கும். எத்தனால் தாங்கும் குழாய் போடுங்கள். மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். வேலை முடிந்து இரண்டு மாதத்தில் எங்கள் குழாய் கசிந்தது எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில். கடவுள் புண்ணியம், வாடை தெரிந்தது.

உதிரி பாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே பழையதைக் கழுவிப் புதிது என்பாரும் உண்டு, நேர்மையாகச் சொல்லித் தருவாரும் உண்டு. நாலு கடை ஏறி இறங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி, விளக்கு வளையம், பம்பர் போன்றவை கிடைத்தபோதே எடுத்துவிட வேண்டும். பிறகு கேட்டால் இராது.

சரக்கு வண்டிக்கு இந்த யோசனையே வேண்டாம். பழைய வேனைப் புதுப்பித்து லோடு அடிக்கலாம் என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். 8 ஆண்டு கடந்த சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் புறப்படும் வண்டி அன்றைக்குக் கிளம்பாவிட்டால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும். புதுச் சரக்கு வாகனத்துக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் வழியுண்டு; சாதாரணக் காருக்கு அது கிடையாது.

இன்சூரன்சில் 5 ஆண்டு கடந்த வண்டியின் மதிப்பு இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் தொகை. ஏஜென்ட் எழுதும் 20 ஆயிரத்துக்குத் தலையாட்டிவிடாமல், பில்களையும் படங்களையும் காட்டிப் பேசுங்கள். இதற்காகவே ஒவ்வொரு பில்லையும் தனிக் கோப்பில் வையுங்கள்.

எங்கள் அம்பாசிடர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு வருகிறது, பழைய மூன்றெழுத்து எண் பலகையோடு. டிக்கியில் உப்பு ஏற்றுவதில்லை என்று கடைப் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் அவசரத்துக்கு 5 கிலோ கல்லுப்பு வாங்கி ஏற்றிவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு வரச் சொன்னோம்.